ஃபிளைட்டில் பழுது வந்தால் என்ன செய்வார்கள், யாருக்கு எழுதுவார்கள்? நாகர்கோவிலில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால் தெருவுக்கு நாலு பேராவது கல்ஃபில் இருப்பதால், களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போய் வருவது இங்கே அன்றாட வேலை. நான் விமானப் பராமரிப்பு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாண வீட்டுப் பந்தியிலும் வடசேரி பஸ் ஸ்டாண்டிலும் ஃபோனிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"மாமா, டெக்னிக்கல் இஷ்யூன்னு சொல்லி ரெண்டு மணி நேரமா உக்கார வெச்சிருக்காங்க. அப்படின்னா என்னதான் அர்த்தம்?"

பைலட்டோ இன்ஜினியரோ ஏதோ ஒன்று சரியில்லை என்று பார்த்து, அதை டெக் லாக் என்ற பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டார் என்று அர்த்தம். எழுதிய நிமிடத்திலிருந்து லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் கையெழுத்துப் போடாமல் அந்த விமானம் நகர முடியாது. கேப்டன் நினைத்தாலும் முடியாது, கம்பெனி மேனேஜர் நினைத்தாலும் முடியாது.

அந்த ரெண்டு மணி நேரத்தில் நடப்பது இதுதான்: திரையில் வந்த எச்சரிக்கையைப் பார்த்து, தயாரிப்பாளர் கொடுத்த பழுது கண்டுபிடிக்கும் புத்தகத்தைத் திறந்து, அதில் சொன்ன வரிசையில் சோதிப்பார்கள். எந்தப் பெட்டி போயிருக்கிறது என்று தெரிந்தால் அதைக் கழற்றி வேறு மாட்டி, மறுபடி சோதித்து, கையெழுத்துப் போடுவார்கள். மாற்றுப் பெட்டி அந்த ஊரில் இல்லை என்றால் அடுத்த ஃபிளைட்டில் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால் யாரோ ஒருவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்.

"டெக் லாக் டெக் லாக்குன்னு சொல்லுகீங்களே, அது என்ன பெரிய புக்கா?"

காக்பிட்டில் இருக்கும் நீளமான புத்தகம். இப்போது பல கம்பெனிகள் டேப்லெட்டுக்கு மாறிவிட்டன. நான் அதிகம் கையாண்டது காகிதம்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் அச்சடித்த வரிசை எண் உண்டு, கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத முடியாது. ஒரு பக்கம் பைலட் கண்டதை எழுத, எதிர்ப்பக்கம் இன்ஜினியர் செய்ததை எழுத. அடியில் இன்னும் சில நகல் தாள்கள் இருப்பதால் பேனாவை அழுத்தி எழுத வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது அந்தப் புத்தகத்தின் ஒரு வழக்கம். கதவு மூடும் முன் ஒரு நகலைக் கிழித்துத் தரையில் வைத்துக்கொள்வோம். விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் புத்தகமும் போய்விடும். கடைசியாக அது எந்த நிலையில் கிளம்பியது என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் என் சீனியர் அதைச் சொல்லி என் கையில் ஒரு நகலைத் தந்தார். அன்றைக்குப் பிறகு எந்தப் பக்கத்தையும் நான் அவசரமாக எழுதியதில்லை.

"பழுது சரியாகாமலே ஃபிளைட்டை விடுகாங்களாமே, உண்மையா?"

உண்மை. ஆனால் எந்தப் பழுதோடு விடலாம் என்பதை அன்றைக்கு யாரும் யோசித்து முடிவு செய்வதில்லை. குறைந்தபட்ச உபகரணப் பட்டியல், எம்இஎல் என்று ஒன்று இருக்கிறது. விமானத்தைச் செய்த கம்பெனியின் நாடு ஒப்புக்கொண்ட மூலப் பட்டியலை வைத்து, அதைவிடத் தளர்வில்லாமல் ஒவ்வொரு விமான நிறுவனமும் தனக்கென்று தயாரித்து, டிஜிசிஏவிடம் ஒப்புதல் வாங்கி வைத்திருக்கும். டிஜிசிஏ என்பது டெல்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம்.

உதாரணமாக வானிலை ரேடார் வேலை செய்யவில்லை என்றால், போகும் வழியில் இடிமழை இருக்காது என்ற முன்னறிவிப்பு இருந்தால்தான் கிளம்பலாம். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்யும் நம்ம பக்கத்தில் பல நாள் அது நடக்காது. இரண்டு ஏர்கண்டிஷன் அமைப்பில் ஒன்று போனால், உயரத்தைக் குறைத்துப் பறக்க வேண்டும். பழுதான ஸ்விட்ச் பக்கத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, டெக் லாக்கில் எழுதி, கெடு தேதியும் குறிக்க வேண்டும். பறப்பதற்குத் தேவையான ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை என்றால், அது வேலை செய்தே ஆக வேண்டும் என்று பொருள்.

"கெடு எத்தனை நாள்? அதுக்குள்ள பண்ணலைன்னா?"

நாலு வகை. ஏ வகைக்குப் பட்டியலிலேயே தனியாகக் கெடு எழுதியிருக்கும். பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள். பழுது கண்ட நாள் கணக்கில் வராது. திங்கட்கிழமை எழுதிய பி வகைப் பழுதுக்கு வியாழன் நள்ளிரவு வரை நேரம். அதற்குப் பிறகு விமானம் நிற்கும்.

"பறந்துட்டிருக்கும்போது பழுது வந்தா பைலட் முதல்ல டிஜிசிஏவுக்கா சொல்லுவார்?"

இல்லை. முதலில் விமானத்தைப் பறக்க விடுவது, அடுத்து எங்கே போவது என்று முடிவு செய்வது, அதற்குப் பிறகுதான் பேச்சு. ஒருவர் ஓட்ட, மற்றவர் அவசரநிலைச் சரிபார்ப்புப் பட்டியலை வாசித்து ஒவ்வொன்றாகச் செய்வார். பிறகு தரைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வார்கள். நிலைமை அவசரம், ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்றால் ‘பான் பான்’, உயிருக்கு ஆபத்து என்றால் ‘மேடே’. ஒவ்வொன்றையும் மும்முறை சொல்ல வேண்டும். காகித வேலையெல்லாம் தரையிறங்கிய பிறகு.

பேப்பரில் ‘அவசரமாகத் தரையிறக்கம்’ என்று வருவதில் பெரும்பாலானவை முன்னெச்சரிக்கையாக இறங்கியவை. தீயணைப்பு வண்டி ஓடுபாதை ஓரம் நிற்பதும் அப்படித்தான். தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று நிறுத்துவார்கள்.

"குளச்சல்ல நின்னு பாத்தேன் அண்ணே, ஒரு ஃபிளைட் கடலுக்கு மேல சுத்திக்கிட்டே நிக்குது. பழுதுன்னா உடனே இறக்க வேண்டியதுதானே, என்னத்துக்குச் சுத்தணும்?"

நம்ம பக்கத்திலிருந்து கல்ஃபுக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் ஏ320, போயிங் 737 வகை. இவற்றில் எரிபொருளை வானத்தில் கொட்டும் வசதியே கிடையாது. கிளம்பும்போது இருக்கும் எடையோடு இறங்கினால் சக்கரங்களுக்கும் பிரேக்குக்கும் பளு அதிகம். அதனால் அவசரம் இல்லாத பழுது என்றால், சுற்றிச் சுற்றி எரிபொருளைக் குறைத்துவிட்டு இறங்குவார்கள். தீ, புகை மாதிரி காத்திருக்க முடியாத நிலை என்றால் கூடுதல் எடையோடே இறங்கிவிடுவார்கள். அப்படி இறங்கியதையும் டெக் லாக்கில் எழுத வேண்டும், அதற்கென்று தனி ஆய்வு செய்த பிறகுதான் விமானம் மறுபடி கிளம்பும்.

"நான் பயணியா உக்காந்திருக்கும்போது ஏதாவது உடைஞ்சிருக்கிறதைப் பாத்தா என்ன செய்யணும்? சொன்னா கேப்பாங்களா?"

கேட்பார்கள், தயங்காமல் சொல்லுங்கள். சீட் பெல்ட் பூட்டவில்லை, ஜன்னல் ஓரத்தில் தண்ணீர் சொட்டுகிறது, கருகிய வாசனை வருகிறது என்று எதுவானாலும் கேபின் பணியாளரிடம் சொல்ல வேண்டும். முடிந்தால் கதவு மூடும் முன். கேபினுக்குத் தனியாக ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. பெல்ட் சரியில்லாத சீட்டில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். செல்ஃபோன் சீட் இடுக்கில் விழுந்துவிட்டால், சீட்டை முன்னே பின்னே அசைத்துத் தேடாதீர்கள். சீட்டின் இரும்பு பேட்டரியை நசுக்கினால் தீப்பிடிக்கும். பட்டனை அழுத்திக் கூப்பிடுங்கள், அவர்கள் எடுத்துத் தருவார்கள்.

இறங்கிய பிறகும் மனசில் உறுத்தினால் விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லை என்றால் டிஜிசிஏவுக்கும் எழுதலாம். ஃபிளைட் எண், தேதி, சீட் எண், எத்தனை மணிக்கு, கண்ணால் பார்த்தது என்ன. இவ்வளவு போதும். வீடியோவை மட்டும் வாட்ஸ்அப்பில் விட்டால் ஊரெல்லாம் பார்க்கும், சரி செய்ய வேண்டியவர் கைக்குப் போகாது.

"லேட்டானதுக்குக் காசு கிடைக்குமா சித்தப்பா?"

இந்திய நிறுவனங்களுக்கு டிஜிசிஏ விதி இருக்கிறது. கல்ஃப் பயணம் மாதிரி இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் ஓடும் ஃபிளைட் என்றால், 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் போனால் ஹோட்டல் அறை. இரவு 8 முதல் அதிகாலை 3 வரை கிளம்ப வேண்டிய ஃபிளைட்டுக்கு 6 மணி நேரம் தாண்டினாலே அறை தர வேண்டும். கவுன்டரில் மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். தரவில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம்.

"எல்லாப் பழுதையும் டிஜிசிஏவுக்கு எழுதணுமா? ஒரு பல்ப் போனாலுமா?"

டெக் லாக்கில் பல்ப் கூட ஏற வேண்டும். டிஜிசிஏவுக்குப் போவது பெரும் பழுதுகள். அதாவது விமானத்தின் அல்லது அதில் இருப்பவர்களின் பாதுகாப்பைக் குறைக்கும் பழுது. அது பறக்கும்போது தெரிந்தாலும் சரி, ஹேங்கரில் பிரித்துப் பார்க்கும்போது தெரிந்தாலும் சரி. சரி செய்தும் திரும்பத் திரும்ப வரும் பழுதுகளுக்கு விதியில் தனி இடமே உண்டு. நிறுவனம் அவற்றைத் தனியாகக் கண்காணித்து, ஏன் வருகிறது என்று ஆராய வேண்டும்.

விபத்து அல்லது மயிரிழையில் தப்பிய கடுமையான சம்பவம் என்றால் அது வேறு பாதை. 2017 விதிகளின்படி, டிஜிசிஏவுக்கும் விமான விபத்து புலனாய்வு அமைப்புக்கும் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். இந்த இரண்டு அமைப்புகளையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். டிஜிசிஏ விதி போட்டு, லைசென்ஸ் கொடுத்து, மேற்பார்வை பார்ப்பது. 2012-ல் உருவான புலனாய்வு அமைப்பு, ஏன் நடந்தது என்று கண்டுபிடிப்பது. விதி போட்டவரே விசாரித்தால் தன் விதியில் இருக்கும் ஓட்டை அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அதனால்தான் பிரித்தார்கள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிருதே, அப்புறம் எதுக்கு எழுதிக்கிட்டு?"

இதைக் கேட்டவர் அரசு பஸ் டிரைவர். அவருக்கு நான் சொன்னதையே சொல்கிறேன். கம்ப்யூட்டரை மறுபடி ஓட விடுவது விமானத்திலும் உண்டு, புத்தகத்தில் சொன்ன முறைப்படி. ஆனால் சரியாகிவிட்டது என்பதும் மறைந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

2014 டிசம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து சிங்கப்பூர் கிளம்பிய ஏர்ஏசியா ஏ320 கடலில் விழுந்து 162 பேர் இறந்தார்கள். சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் ஒரு பெட்டியில், மின் இணைப்பின் ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தது. விட்டு விட்டு எச்சரிக்கை வரும், ரீசெட் செய்தால் போகும். அதற்கு முந்தைய 12 மாதத்தில் அதே கோளாறு 23 தடவை பதிவாகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகப் பார்த்து மூடிவிட்டார்கள். கடைசி நாள் அதே எச்சரிக்கை நாலாவது முறை வந்தபோது, தரையில் மட்டும் செய்ய வேண்டிய மாதிரி மின் துண்டிப்பானை இழுத்துவிட்டிருக்கக்கூடும் என்று விசாரணை சொன்னது. தானியங்கி ஓட்டம் நின்றுபோய், விமானம் கை மீறியது. மேலே பெரும் பழுதுகளோடு திரும்ப வரும் பழுதையும் சேர்த்துச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

"இன்ஜினியர்கிட்ட வாயால சொன்னா போதாதா சார்? ஒரே கம்பெனிதானே?"

போதாது. இதில் என் அனுபவமும் இருக்கிறது. ஒரு ராத்திரி ஷிப்டில், ஏணியில் இறங்கி வந்த ஒரு கேப்டன் "இடது பக்கம் லேசா அதிர்வு இருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, எழுதாமல் போனார். எழுதினால் காலை ஃபிளைட் தாமதமாகும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் மேலோட்டமாகப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. காலையில் வந்தவரிடம் வாயால் சொன்னேன். அவர் அடுத்தவரிடம் சொல்ல மறந்தார். இரண்டு நாள் கழித்து அதே விமானம் அதே அதிர்வோடு பாதி வழியில் திரும்பி வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளில் அதில் ஏறி இறங்கியவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் கலையும். அன்றைக்கு நான் பேனாவை எடுத்திருக்க வேண்டும்.

உலகம் அறிந்த உதாரணம் லயன் ஏர். 2018 அக்டோபர் 28 இரவு டென்பசாரிலிருந்து ஜகார்த்தா போன போயிங் 737 மேக்ஸில், கைப்பிடி நடுங்கி எச்சரிப்பது பயணம் முழுக்க நிற்கவே இல்லை. மூக்கு தானாகக் கீழே இறங்க முயன்றது. வால் பகுதியின் மின் இயக்கத்தைத் துண்டித்துக் கையால் ஓட்டி இறக்கினார்கள். ஆனால் டெக் லாக்கில் எழுதியது வேகமும் உயரமும் ஒத்துப்போகவில்லை, ஒரு அழுத்த விளக்கு எரிந்தது என்ற அளவில்தான். கைப்பிடி நடுங்கியதும் துண்டித்ததும் அதில் இல்லை. தரையில் இருந்தவர்கள் எழுதியதற்கு ஏற்ற வேலையைச் செய்து, சோதித்து, விட்டார்கள். மறுநாள் காலை அதே விமானம் கிளம்பி 13 நிமிடத்தில் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர். அடிப்படைக் குற்றம், விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தைக் காட்டும் ஒரே ஒரு சென்சாரை நம்பிய வடிவமைப்பிலும், டென்பசாரில் மாட்டிய சென்சார் 21 டிகிரி தவறாகக் காட்டியதிலும் இருந்தது. ஆனாலும் முந்தைய இரவு நடந்தது முழுசாக எழுதப்பட்டிருந்தால், ஜகார்த்தா இன்ஜினியர்கள் கையில் வேறொரு தடயம் இருந்திருக்கும். இறுதி அறிக்கையும் இந்தக் குறையைச் சொல்கிறது.

"ஓமன் கம்பெனி ஃபிளைட், துபாய் கம்பெனி ஃபிளைட்டுன்னா யாருக்கு ரிப்போர்ட் போகும்?"

விமானத்தின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். விடி என்று தொடங்கினால் இந்தியப் பதிவு, ஏ6 என்றால் ஐக்கிய அரபு அமீரகம். பழுது பற்றிய அறிக்கை முதன்மையாக அதன் சொந்த நாட்டு அமைப்புக்குப் போகும். ஆனால் விபத்து திருவனந்தபுரத்தில் நடந்தால், எந்த நாட்டு விமானமானாலும் விசாரிப்பது இந்தியாதான். பதிவு செய்த நாடு, இயக்கிய நாடு, தயாரித்த நாடு எல்லாம் தங்கள் பிரதிநிதியை அனுப்பலாம்.

"திருவனந்தபுரத்துல ஒரு மாசத்துக்கு மேல நின்ன பிரிட்டிஷ் போர் விமானமும் டிஜிசிஏவுக்கு எழுதிக் கொடுத்துச்சா?"

2025 ஜூன் 14 இரவு இறங்கிய அந்த எஃப்-35பி, ஹைட்ராலிக் பழுதால் நின்றுபோய் ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. நம்ம ஊரிலிருந்து அதைப் பார்க்கவென்றே போனவர்கள் உண்டு. டிஜிசிஏ விதி அதற்குப் பொருந்தாது. 1944 சிகாகோ உடன்படிக்கை சிவில் விமானங்களுக்கு மட்டும். ராணுவம், சுங்கம், போலீஸ் விமானங்கள் அதற்கு வெளியே. அந்த விமானத்தின் பழுதை அந்த நாட்டு ராணுவமே பதிந்து, அவர்கள் அனுப்பிய இன்ஜினியர்களே சரி செய்தார்கள்.

"தயாரிப்பு நாட்டுல இருந்து ஆலோசனைக் குறிப்பு வந்தா கட்டாயம் செய்யணுமா?"

இரண்டு வகைக் காகிதம் வரும். பறக்கும் தகுதி உத்தரவு என்பது கட்டாயம். குறித்த தேதிக்குள் செய்யாவிட்டால் பறக்க முடியாது. தகவல் அறிக்கை என்பது ஆலோசனை, செய்வது நிறுவனத்தின் விருப்பம்.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கையில் இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. எரிபொருள் ஸ்விட்ச்சின் பூட்டு பற்றி அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு 2018 டிசம்பரில் ஒரு தகவல் அறிக்கை விட்டிருந்தது. கட்டாயம் இல்லை என்பதால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று ஏர் இந்தியா நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதுதான் விபத்துக்குக் காரணம் என்று முதற்கட்ட அறிக்கை சொல்லவில்லை, நாமும் சொல்லக் கூடாது. ஆனால் விபத்துக்கு அடுத்த மாதமே டிஜிசிஏ அந்த ஸ்விட்ச்சுகளைச் சோதிக்க உத்தரவிட்டது. என் கருத்து: ஆலோசனைதானே என்று கோப்பில் போடுவதற்கு முன், செய்யாததற்கான காரணத்தையாவது எழுதி வைக்க வேண்டும்.

"எம் பையன் பிஇ ஏரோநாட்டிகல் முடிச்சிருக்கான். அவன் கையெழுத்துப் போடலாமா?"

பட்டம் மட்டும் போதாது. கையெழுத்து உரிமை டிஜிசிஏ தரும் பராமரிப்பு இன்ஜினியர் லைசென்ஸுக்குத்தான். அதற்கு டிஜிசிஏ தேர்வுகளும் நேரடிப் பணி அனுபவமும் வேண்டும். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி வழியாக நேராகவும் போகலாம். பணம் கட்டும் முன், பள்ளியின் பெயர் டிஜிசிஏ பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

"தப்பை நாமளே எழுதிக் கொடுத்தா நமக்கே மெமோ வராதா?"

தெரியாமல் செய்த தவறைத் தானே முன்வந்து சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் விமானத்துறை கொண்டிருக்கும் கொள்கை. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது இல்லை என்று சர்வதேச விதியே சொல்கிறது. விருப்பப்பட்டுத் தகவல் தரும் ஏற்பாடு டிஜிசிஏவிலும் உண்டு. குடித்துவிட்டு வேலை பார்த்தது, வேண்டுமென்றே விதியை மீறியது, மறைத்தது ஆகியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியவனை முறைத்துப் பார்க்கும் மேலாளர்களை நானும் கண்டிருக்கிறேன். அதற்காக எழுதாமல் விட முடியாது.

"புதுசா லைசென்ஸ் எடுத்திருக்கேன் மாமா. கேப்டன் எழுத மாட்டேங்கார், சீனியர் விட்டுருலேன்னு சொல்லுகார். நான் என்ன செய்ய?"

இதைக் கேட்டது மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். அவனுக்குச் சொன்னது: கேப்டன் எழுதாவிட்டால் நீ எழுது. பழுதைப் பதிய இன்ஜினியருக்கும் உரிமை உண்டு. "கேப்டன் சொன்னார்" என்று மட்டும் எழுதாதே. நீ பார்த்தது, தொட்டது, கேட்டது, நேரத்தோடு எழுது. மேலே லயன் ஏர் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்: விளக்கு எரிந்தது என்று நிறுத்தாமல், அந்த நேரத்தில் வேறு என்னென்ன நடந்தது என்பதையும் எழுது. எம்இஎல்லில் இடம் இருந்தால் கெடு போட்டு விடலாம், இடம் இல்லை என்றால் கையெழுத்துப் போடாதே. வற்புறுத்தினால், எழுத்தில் தரச் சொல்லிக் கேள். பிறகு கம்பெனியின் விமானப் பாதுகாப்பு (சேஃப்டி) பிரிவுக்கு அறிக்கை அனுப்பு. ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது, அடுத்து வருகிறவரிடம் டெக் லாக்கின் அந்தப் பக்க எண்ணைக் காட்டி, அவர் படித்து முடிக்கும் வரை பக்கத்தில் நில்.